மைக் வேலை செய்யல... முதல்ல எதைத் தொடணும்?

கல்ச்சுரல்ஸ் சீசன் வந்தாச்சு. இந்த வருஷம் ஆடிட்டோரியத்துல சவுண்ட் டெஸ்க் பக்கம் நிற்கப் போற ஜூனியர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மேடையில சத்தம் வரலன்னதும் என்ன நடக்கும்? ஒருத்தர் கேபிளை ஆட்டுவார், ஒருத்தர் எல்லா ஃபேடரையும் மேலே தள்ளுவார், இன்னொருத்தர் ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். கடைசியில சரியானாலும், எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அடுத்த ப்ரோக்ராம்லயும் அதே கதைதான்.

இதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு.

1. பாதையைப் பாதியா வெட்டுங்க

சிக்னல் போற வழி இது: மைக், கேபிள், மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். நடுவுல இருக்கிற மிக்ஸரோட மீட்டரை முதல்ல பாருங்க. மைக்ல பேசும்போது அந்தச் சேனல் மீட்டர் ஏறுதா? ஏறினா மைக்கும் கேபிளும் நல்லா இருக்கு. கோளாறு அதுக்கு அப்புறம்தான். மியூட், ஃபேடர், மெயின் அவுட், ஆம்ப்ளிஃபையரோட சிக்னல் எல்இடின்னு வரிசையா போங்க. மீட்டர் ஏறலன்னா பின்னாடி வாங்க. நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச ஒரு கேபிளை மாட்டுங்க, அப்புறம் மைக்கை மாத்துங்க. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தணும். கண்டென்சர் மைக்னா 48 வோல்ட் ஃபேன்டம் பவர் ஆன்ல இருக்கான்னும் பாருங்க. கேபிள் மாத்துறதுக்கு முன்னாடி அந்தச் சேனலை மியூட் பண்ணிடணும். இல்லன்னா 'டப்'புன்னு வர்ற சத்தத்துல ஸ்பீக்கர் அடி வாங்கும்.

2. சத்தம் குறைவா இருக்கா? லெவலைக் கேளுங்க

டைனமிக் மைக்ல இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். ப்ரொஃபஷனல் லைன் லெவல் +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டு உபயோக ப்ளேயர்களோட லெவல் -10 டிபிவி, சுமார் 0.316 வோல்ட். ரெண்டாவது முதலாவதுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு, சுமார் 12 டெசிபல் வித்தியாசம். அதனால ப்ளேயரை மாட்டினதும் சத்தம் கம்மியா வந்தா மெஷின் கெட்டுப் போகல. கெயின் பத்தலன்னு அர்த்தம்.

கெயினை எங்கே ஏத்தணும்ங்கறதுதான் முக்கியம். மிக்ஸரோட முதல் ஸ்டேஜ்லயே போதுமான அளவு ஏத்துங்க. அங்கே குறைச்சு வெச்சுட்டு ஆம்ப்ளிஃபையர்ல ஏத்தினா, நடுவுல சேர்ந்த இரைச்சலும் கூடவே பெருசாகும். மாறா, முதல் ஸ்டேஜ்ல க்ளிப் ஆனா அப்புறம் ஃபேடரைக் குறைச்சும் பயனில்லை. சத்தம்தான் குறையும், கரகரப்பு அப்படியே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. லேப்டாப்ல பாட்டு போட்டா ம்யூசிக் வருது, பாடகர் குரல் மட்டும் காணோம்! ஹெட்ஃபோன் அவுட்டை ஒரே எக்ஸ்எல்ஆர் இன்புட்ல சொருகியிருப்பாங்க. பேலன்ஸ்டு இன்புட் ரெண்டு வயரோட வித்தியாசத்தை மட்டும்தான் எடுக்கும். இடது, வலது ரெண்டுலயும் ஒரே அளவுல இருக்கிற குரல் கழிஞ்சு போயிடும். ரெண்டு சேனல் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் வெச்சா தீர்ந்தது.

3. 'ம்ம்ம்'னு ரீங்காரம்

நம்ம சப்ளை 50 ஹெர்ட்ஸ். ரெண்டு மெஷின் வேற வேற இடத்துல எர்த் ஆகி, ஆடியோ கேபிள் வழியா அந்த எர்த்துகள் இணையும்போது ஒரு வளையம் உண்டாகும். இதுதான் க்ரவுண்ட் லூப். லேப்டாப் சார்ஜரைக் கழட்டினதும் ரீங்காரம் நின்னா, லூப் அது வழியாத்தான் ஓடுது. ஆடியோ மெஷின்கள் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல இருந்து பவர் கொடுங்க. இல்லன்னா டிஐ பாக்ஸ்ல க்ரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்க. எல்லா ஃபேடரையும் இறக்கின பிறகும் 100 ஹெர்ட்ஸ்ல உறுமினா, அந்த மெஷினோட பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல சந்தேகப்படலாம்.

4. பேஸ் அடிக்கும்போது மிக்ஸர் ரீஸ்டார்ட் ஆகுதா?

கணக்கு போடுங்க. 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஃப்ளெக்சிபிள் வயர், 50 மீட்டர் எக்ஸ்டென்ஷன். போக, வர 100 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.3 ஓம். 10 ஆம்பியர் இழுத்தா 13 வோல்ட் வயர்லயே போயிடும். அதே லைன்ல லைட்டும் இருந்தா இன்னும் மோசம். லோடு இல்லாம அளந்தா 230 காட்டும், ஏமாந்துடாதீங்க. ப்ரோக்ராம் ஓடும்போது அளக்கணும். 3-ஃபேஸ் ஜெனரேட்டர்ல நியூட்ரல் லூஸ் ஆனா, ஒரு ஃபேஸ்ல வோல்டேஜ் 230-ஐத் தாண்டி ஏறும். மிக்ஸரை மாட்டுறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனை வெச்சு சாக்கெட்ல ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூணையும் அளக்கச் சொல்லுங்க.

ஆன் பண்ணும்போது ஆம்ப்ளிஃபையர் கடைசி. ஆஃப் பண்ணும்போது அதுதான் முதல்.

5. இதை மட்டும் செய்யாதீங்க

ரீங்காரத்தை நிறுத்த ப்ளக்கோட எர்த் பின்னை உடைக்கிறது பல இடத்துல நடக்குது. ரீங்காரம் நிக்கும்தான். ஆனா அதுக்கப்புறம் உள்ளே ஒரு ஃபேஸ் வயர் பாடியைத் தொட்டா ஃபியூஸ் போகாது. மெஷின் பாட்டுக்கு வேலை செய்யும். கிடார் கம்பியில ஒரு கை, மைக்ல உதடுன்னு நிற்கிற பாடகர் வழியாத்தான் கரன்ட் பாயும். 1972 மே மாசம் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரத்துல, ஸ்டோன் த க்ரோஸ் பேண்டின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் ஆகாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார்.

ரீங்காரத்தோட நடந்த ப்ரோக்ராமை ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. அதனால சிக்னல் பக்கத்து க்ரவுண்டை வேணும்னா டிஐ பாக்ஸ்ல பிரிங்க. மெயின்ஸ் எர்த்தை என்னைக்கும் பிரிக்காதீங்க. நாளைக்கு ஆடிட்டோரியம் பக்கம் போனா, ரெண்டே பின்னோட இருக்கிற மூணு பின் ப்ளக் இருக்கான்னு தேடிப் பாருங்க. இருந்தா அன்னைக்கே மாத்தச் சொல்லுங்க.