மேசைப் போரில் மறைவும் வெடிகுண்டும்

சுவருக்குப் பின்னே ஒரு வீரன் நிற்கின்றான். அவன் மறைவில் இருக்கின்றானா, இல்லையா? இதற்கு விடை கூறுவது எளிது என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறு எண்ணித்தான் நானும் சென்ற குளிர்காலத்தில் என் அறைத் தோழனோடு பதினைந்து நாள் பேசாதிருந்தேன். அப்பூசலைப் பின்னர்ச் சொல்லுகிறேன். மேசைப் போரை அறியாத அன்பர்களுக்கு முதலில் அதனை அறிமுகப்படுத்த வேண்டும்.

மேசைமீது பொம்மை வீரர்களை நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வி காண்பதே இவ்விளையாட்டு. சதுரங்கத்தைப் போல் இதில் கட்டங்கள் இல்லை. 1824-ல் பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், படைத் தலைவர்களின் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். சுடுதலின் விளைவை அதில் பகடை கொண்டு கணித்தனர். 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் வேறொரு வழி காட்டினார். வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியிலிருந்து சிறு மரத்துண்டு பாயும். அது பட்டுச் சாய்ந்த பொம்மை மாண்டதாகும். அங்கே மறைவுக்குத் தனி விதி வேண்டியதில்லை. குறுக்கே வீடு இருந்தால் மரத்துண்டு வீட்டில் மோதி நின்றுவிடும்.

பகடைக்கோ கண் இல்லை. சுவர் இருப்பதை அதற்கு எண்ணாக மாற்றிச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? 1987-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘வார்ஹாமர் 40,000’ என்ற ஆட்டமே மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறது.

மறைவின் மூன்று வகை

முதற் பதிப்புகளில், மறைவு குறி தப்பச் செய்தது. செடி கொடி போன்ற மென்மறைவுக்கு 1, சுவர் போன்ற வன்மறைவுக்கு 2 எனப் பகடையில் கழித்தனர். 3-ம் அதற்கு மேலும் விழுந்தால் குறி தப்பாத வீரன் 12 முறை சுட்டால், சராசரி 8 படும். எதிரி சுவருக்குப் பின் நின்றால் 5-ம் 6-ம் மட்டுமே பயன்படும். ஆகவே 4 தான் படும்.

1998-ல் வந்த மூன்றாம் பதிப்பில் வழி மாறிற்று. குறி வழக்கம்போல் படும். பட்டவன் தப்பிக்க ஒரு பகடை உருட்டுவான். கவசம், மறைவு இரண்டில் எது மேலானதோ அதனை அவன் கொள்ளலாம். 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் காட்டில் நிற்பவன் 5 அல்லது 6 விழுந்தால் தப்பினான்; இடிந்த கட்டடத்தில் நிற்பவன் 4 விழுந்தாலும் தப்பினான். மெல்லிய கவசம் அணிந்தவனுக்கு இது பெரும் பேறு. 3 விழுந்தாலே காக்கும் வன்கவசம் அணிந்தவனுக்கோ, அக்கவசத்தைத் துளைக்கும் குண்டு வரும்போதுதான் சுவர் வேண்டும்.

2023-ல் வந்த பத்தாம் பதிப்பில், மறைவு கவசத்தின் வலிமையை ஒரு படி உயர்த்திற்று. 5 விழுந்தால் தப்புபவன் 4-க்கே தப்புவான். காயம் படவேண்டிய 12 அடியில் 8 பேருக்குப் பதில் 6 பேரே வீழ்வர்.

முதல் விதி, மறைவு கண்ணை மறைக்கிறது என்கிறது. இரண்டாம் விதி, அது குண்டைத் தடுக்கிறது என்கிறது. மூன்றாவது, அது கவசத்தைத் தடிப்பாக்குகிறது என்கிறது. சுவர் ஒன்றே, அதனைப் பற்றிய கருத்துகள் மூன்று!

வெடிகுண்டும் வட்டமும்

வெடிகுண்டு ஓர் ஆளைக் குறித்து வருவதன்று; ஓர் இடத்தைக் குறித்து வருவது. எனவே முன்னாளில் 3 அங்குலம், 5 அங்குலம் விட்டமுள்ள வட்டத் தகடுகளை வைத்து, அதன்கீழ் அகப்பட்டவர்களை எண்ணினர். எங்கள் விடுதியில் பொம்மை வாங்கப் பணமில்லை. சோடா மூடிகளே எங்கள் வீரர்கள். மூடியின் விட்டம் ஏறத்தாழ ஓர் அங்குலம். மூடிகளை ஒன்றையொன்று தொடுமாறு வரிசை வரிசையாக அடுக்கி, நடுவிலுள்ள மூடியின் மேல் சிறிய வட்டத்தை வைத்துப் பாருங்கள், ஒன்பதேனும் அகப்படும். மூடிக்கு மூடி 2 அங்குலம் இடைவெளி விட்டால் ஒன்றே அகப்படும். சிதறி நிற்பதும் ஒருவகை மறைவே என்பது அப்போது கண்கூடாகும்.

குண்டு குறித்த இடத்திலேயே விழுமா? 2008-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சிதறல் பகடையின் ஆறு முகங்களில் இரண்டு நேரே விழுவதைக் குறிக்கும். நான்கு முகங்களில் திசை காட்டும் அம்பு இருக்கும். அம்பு விழுந்தால், வேறிரு பகடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து சுடுபவனின் திறனைக் கழித்து, மிஞ்சிய அங்குலம் குண்டு விலகும். திறன் 4 எனில் அது விலகாமல் விழும் நிகழ்தகவு 1/3 + (2/3 × 1/6) = 4/9. பாதிக்கும் குறைவு!

2017-ல் வட்டத் தகட்டை நீக்கிவிட்டு, பகடை காட்டும் எண்ணே குண்டின் அடிகள் என்றனர். தகடு யாரைத் தொட்டது என்ற வழக்கு ஒழிந்தது. ஆனால் ஒருவனுக்கும் முப்பது பேருக்கும் ஒரே அளவு அடி என்றாயிற்று. 2020-ல் பெருங்கூட்டத்திற்கு அடியின் அளவை உயர்த்தினர்; 2023-ல் ஐவருக்கு ஓர் அடி வீதம் கூட்டினர். இருபது பேர்மீது ஒரு பகடையளவு குண்டு விழுந்தால் சராசரி 3½-க்கு 4 கூடி 7½ அடி. கூட்டத்தின் தொகை கணக்கில் வந்தது. நெருங்கி நிற்பதும் சிதறி நிற்பதும் கணக்கிலிருந்து போயின.

எங்கள் பூசல்

இனி என் கதை. எங்கள் ஆட்டம் பழைய விதிப்படி நடப்பது. என் எட்டு வீரர்களைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தேன். தோழனின் மார்ட்டர் குண்டு சுவரைத் தாண்டி, அவர்கள் நடுவே விழுந்தது. எழுவர் வட்டத்தில் அகப்பட்டனர். நான் மறைவு கேட்டேன். “மேலெழுந்து விழும் குண்டுக்கு, அடி வட்டத்தின் நடுவிலிருந்து வருவதாகக் கொள்ள வேண்டும், நடுவுக்கும் உன் ஆட்களுக்கும் இடையே சுவர் எங்கே?” என்று விதியைக் காட்டினான் அவன். நான் ஒப்பவில்லை. அருகிலிருந்த நம்மவர் இருவரிடம் திரும்பி, அவனுக்கு விளங்காத தமிழில் அவனை ஏளனம் செய்தேன். மூவரும் சிரித்தோம். அவன் தன் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து, பௌதிக ஆய்வுக்கூடத்தில் காமா கதிரை அளந்துகொண்டிருந்தேன். கதிர் மூலத்துக்கும் கருவிக்கும் இடையே ஈயக் கட்டிகளை அடுக்கினேன். எண்ணிக்கை குறைந்தது, ஆயினும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அறைச் சுவரிலும் கூரையிலும் பட்டுச் சிதறிய கதிர்கள், ஈயத்தைச் சுற்றிக்கொண்டு கருவியை அடைந்திருந்தன! நேரே வருவதற்கே என் ஈயம் தடை. அன்றுதான் தோழனின் விதி எனக்கு விளங்கிற்று. சுவர் தானாகவே மறைவு ஆகிவிடாது. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அது மறைவாகும்.

வேறொன்றும் விளங்கிற்று. தமிழை நான் அன்று ஒரு சுவராக்கி, அதன் பின்னே நின்று கல்லெறிந்திருக்கிறேன். இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சொல் புரியவில்லை, சிரிப்பு புரிந்தது” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. மூடிகளை எடுத்து மேசைமீது வைத்தான்.

நண்பர்களே! எந்த விதியைப் படித்தாலும், எந்தக் கணக்கைப் போட்டாலும், அது எதனைக் கொண்டது, எதனை விட்டது என்று கேளுங்கள். சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் விடுதியில் ஆட்டம் உண்டு. வாருங்கள். அவனும் இருப்பான், ஆகையால் மேசையருகே எல்லார்க்கும் விளங்கும் மொழியிலேயே பேசுவோம்.