டைட்டானியம்: வலிமையும் நீட்சியும்

பொருள் பொறியியல் பயிலும் என்னிடம் பிற துறை நண்பர்கள் கேட்பதுண்டு: "உலோகம் எவ்வளவு வலிமையாக இருக்கிறதோ, அவ்வளவு நல்லதுதானே?" அப்படிச் சொல்லிவிட முடியாது. வலிமை மட்டுமே மிகுந்த உலோகம் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடலாம். விமான இயந்திரத்திலும் செயற்கை இடுப்பு மூட்டிலும் உள்ள டைட்டானியம் அப்படி முறிந்தால் என்னவாகும்? எனவே, முறியும் முன் அது சற்று நீண்டு கொடுக்கவும் வேண்டும். இக்குணத்தை இங்கே நீட்சி என்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தரநிலைப்படி, 0.18 விழுக்காடு வரை ஆக்சிஜன் உள்ள முதல் தர டைட்டானியத்தின் குறைந்தபட்ச இழுவலிமை 240 மெகாபாஸ்கல். நீட்சி 24 விழுக்காடு. 0.40 விழுக்காடு வரை அனுமதிக்கும் நான்காம் தரத்தில் வலிமை 550 ஆக உயர்கிறது. நீட்சியோ 15 ஆகக் குறைகிறது. உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இடுக்குகளில் அமர்ந்த ஆக்சிஜன் அணுக்கள் அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு!

இதற்கு வழி, வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். டைட்டானியத்திற்கு ஆல்பா, பீட்டா என இரு படிக வடிவங்கள் உண்டு. தூய டைட்டானியம் 882 பாகை செல்சியசுக்கு மேல்தான் பீட்டாவாக மாறும். அதில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்தால், அலுமினியம் ஆல்பாவை வலுப்படுத்தும்; வனேடியம் பீட்டாவின் ஒரு பகுதியை அறை வெப்பநிலையிலும் தங்கவைக்கும். பீட்டாவில் வழுக்கும் வழிகள் அதிகம். ஆதலால் அது வளைந்து கொடுக்கும். இவ்விரண்டும் நுண்ணிய அளவில் கலந்திருப்பதால், குறைந்தபட்சம் 895 மெகாபாஸ்கல் வலிமையும் 10 விழுக்காடு நீட்சியும் ஒருசேரக் கிடைக்கின்றன.

2023இல் ஆஸ்திரேலிய, ஹாங்காங் ஆய்வாளர்கள் 'நேச்சர்' ஆய்விதழில் இன்னொரு வழியைக் காட்டினர். அலுமினியம், வனேடியத்திற்குப் பதிலாக அவர்கள் சேர்த்தவை ஆக்சிஜனும் இரும்பும். உலோகப் பொடியை லேசரால் உருக்கி, முப்பரிமாண அச்சு முறையில் அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்கினர். ஆக்சிஜன் பெரும்பாலும் ஆல்பாவிலும், இரும்பு பீட்டாவிலும் சேர்ந்தன. ஆல்பா வலுப்பெற்றது, ஆக்சிஜன் குறைந்த பீட்டா தன் நீட்சியை இழக்கவில்லை.

இரண்டும் எளிதில் கிடைக்கும் மலிவான தனிமங்கள். அதனினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு: எதை, எவ்வளவு சேர்க்கிறோம் என்று மட்டும் கணக்கிட்டால் போதாது, சேர்த்தது உலோகத்தினுள் எங்கே போய் அமர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.