கையை அடக்கி அடிப்பது: விங் சுன் டிராப்பிங்கைப் பயன்படும்படி பழகும் முறை

1973-இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயும் ஓஹாரா என்ற அடியாளும் மோதும் இடம் பலருக்கு மனப்பாடம். இருவரும் முன்கைகளைக் குறுக்காக ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கண் இமைப்பதற்குள் ஓஹாராவின் கை அடங்கியிருக்கும், முகத்தில் அடி விழுந்திருக்கும். எதிராளியின் கையை ஒரு கணம் முடக்கிவிட்டு அந்த இடைவெளியில் அடிக்கும் இந்த வித்தையைத்தான் குங்ஃபூ வகுப்புகளில் டிராப்பிங் என்கிறார்கள்.

அந்தக் காட்சியில் எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மோதல் தொடங்கும்போதே கைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நிஜச் சண்டையில் யாரும் அப்படிக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. டிராப்பிங் உதவுமா உதவாதா என்று ஆண்டுக்கணக்காக நடக்கும் வாதமெல்லாம் இந்த ஒரு புள்ளியில்தான் வந்து நிற்கிறது. கையைப் பிடிக்க வேண்டும் என்று போகிறவருக்கு இது உதவாது. அடிக்கப் போகிறவருக்கு, வழியில் ஒரு கை குறுக்கிட்டால் உதவும். கீழே சொல்லும் பயிற்சி வரிசை முழுவதும் இந்த நம்பிக்கையில் அமைந்தது.

லீ இதைக் கற்றது ஹாங்காங்கில், இப் மேன் என்ற ஆசானிடம். தென்சீனத்தின் ஃபோஷான் நகரில் 1893-இல் பிறந்த இப் மேன், 1950 முதல் ஹாங்காங்கில் விங் சுன் என்ற குங்ஃபூ முறையைக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்து ஹாங்காங்கில் வெவ்வேறு தற்காப்புக் கலைப் பள்ளிகளின் மாணவர்கள் மொட்டை மாடிகளில் கூடி, கையுறை இல்லாமல் மோதிப் பார்ப்பது வழக்கம். இப் மேனின் மாணவர் வோங் ஷுன் லியூங் அப்படிப்பட்ட மோதல்களில் பெயர் பெற்றவர். லீக்கும் பயிற்சி கொடுத்தவர். அடக்கிய கையோடு நின்றுவிடாமல் எதிராளியின் உடலை நோக்கிப் போ என்ற பாடம் அந்த மரபில் அழுத்தமாக இருப்பதற்கு அந்த மாடிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கையைத் துரத்துகிறவர் அடி வாங்கியிருப்பார்.

தொடங்கும் முன்

ஒத்த உடற்கட்டுள்ள ஒரு ஜோடி வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பல் காப்பும், விரல் திறந்த மெல்லிய கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். பருத்த குத்துச்சண்டைக் கையுறையோடு மணிக்கட்டைப் பிடிக்க முடியாது, தட்டத்தான் முடியும். கட்டைவிரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ பழைய காயம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். இங்கே முதலில் அடிபடுவது அந்த இரண்டு இடங்கள்தான்.

முதல் படி: நிலையும் நடுக்கோடும்

வலது காலும் வலது கையும் முன்னால். இடது கை மார்புக்கு எதிரே காவல். உங்கள் நெஞ்செலும்பிலிருந்து எதிராளியின் நெஞ்செலும்புக்கு ஒரு கோடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையைத் தாழ்த்தி, அந்தக் கோட்டின் மேல் கையை வையுங்கள். முழங்கை வெளியே விரிந்தால் தோள் மட்டும்தான் வேலை செய்யும், உடல் எடை கைக்கு வராது. கண்ணாடி முன் நின்று இந்த நிலையிலிருந்து நேர்க்குத்து விட்டுப் பழகுங்கள். குத்தில் பலம் இல்லாதவருக்கு டிராப்பிங் எதற்கும் ஆகாது. அடக்கிய கைக்குப் பின்னால் அடி வர வேண்டும் அல்லவா?

இரண்டாம் படி: தட்டி அடக்குதல்

விங் சுன்னில் இதன் பெயர் பாக் சாவ். இருவரும் வலது மணிக்கட்டின் வெளிப்புறத்தை ஒட்டி நில்லுங்கள். படத்தில் பார்த்த அதே நிலை. பழகுவதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்கிறோம். இப்போது உங்கள் இடது உள்ளங்கையால் எதிராளியின் வலது முன்கையைத் தட்டுங்கள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையில், முழங்கைப் பக்கமாகத் தட்டுவது நல்லது. மணிக்கட்டில் தட்டினால் அவர் முழங்கையை மடக்கிச் சுலபமாக நழுவிவிடுவார். முழங்கைக்கு அருகில் அழுத்தம் விழுந்தால் அவருடைய தோளே திரும்பிவிடும்.

தட்டும் திசை முக்கியம். பக்கவாட்டில் வீசித் தள்ளினால் அவர் கை சுற்றி வந்து உங்கள் காதில் விழும். அவருடைய கையை அவருடைய மார்பின் மேலேயே சாத்துவதுபோல் முன்னோக்கி அழுத்துங்கள். தட்டும் அதே கணத்தில் வலது கை குத்தாகப் போக வேண்டும், முன்கால் அரை அடி உள்ளே நுழைய வேண்டும். தட்டுதல், குத்துதல், நுழைதல் மூன்றும் ஒரே ஒலியாகக் கேட்க வேண்டும். 'டப், டப்' என்று இரண்டாகக் கேட்டால் முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் நடுவில் எதிராளி விழித்துக்கொள்வார். தொடக்கத்தில் எல்லோருக்கும் இரண்டாகத்தான் கேட்கும். மெதுவாகச் செய்யுங்கள், ஆனால் மெதுவாகச் செய்யும்போதும் ஒன்றாகவே சேருங்கள். வேகம் தானாக வரும், ஒருங்கிணைவு தானாக வராது.

மூன்றாம் படி: இரண்டாவது கை குறுக்கிட்டால்

உங்கள் குத்தைத் தடுக்க எதிராளியின் இடது கை வரும். வரத்தான் வேண்டும், வராவிட்டால் குத்து பட்டுவிட்டது, வேலை முடிந்தது. வந்தால், குத்திய உங்கள் வலது கை அந்த இடது மணிக்கட்டைப் பற்றிக் கீழ்நோக்கி வெட்டி இழுக்க வேண்டும். இது லாப் சாவ். இழுத்த கை, ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும் அவருடைய வலது முன்கையின் மேல் விழும். இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்கும்போது உங்கள் இடது கை விடுபடுகிறது. அது நேராகப் போய்க் குத்தட்டும்.

பற்றும்போது கட்டைவிரலால் வளைத்து இறுக்கிப் பிடிக்காதீர்கள். நான்கு விரலைக் கொக்கிபோல் வைத்து வெடுக்கென்று ஒருமுறை இழுத்துவிட்டு விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் அவர் கை மட்டுமா மாட்டுகிறது, உங்கள் கையும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

இதற்கு மேல் மூன்றாவது, நான்காவது அடக்குதல் என்று நீளும் வரிசைகளைப் பல வகுப்புகளில் கற்றுக்கொடுக்கிறார்கள். கைக்குப் பயிற்சியாக அவை கெடுதல் இல்லை. ஆனால் முரண்டு பிடிக்கும் மனிதரிடம் இரண்டு அடக்குதலுக்கு மேல் நடப்பது அபூர்வம். நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்த இரண்டோடு நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

நான்காம் படி: அழுத்தத்தைக் கையால் கேட்பது

கண்ணால் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். தொடு உணர்வுக்குப் பதில் சொல்வது அதைவிடச் சற்று விரைவு. நெருக்கத்தில் அந்தச் சிறு வித்தியாசம் பெரிது. சி சாவ் என்ற ஒட்டுக்கைப் பயிற்சி நிற்பது இதன்மேல்தான்.

ஒற்றைக் கையில் தொடங்குங்கள். ஒருவர் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து முன்கையை நீட்டுகிறார். இது தான் சாவ். மற்றவர் தன் மணிக்கட்டை அதன்மேல் படிய வைக்கிறார். இது ஃபூக் சாவ். முதலாமவர் உள்ளங்கையால் மார்பை நோக்கி அடிக்கிறார். இரண்டாமவர் அந்தக் கையை வெடுக்கென்று கீழே அமுக்கிவிட்டு நேராகக் குத்துகிறார். முதலாமவர் முழங்கையை உயர்த்தி, சிறகுபோல் முன்கையைச் சாய்த்து அந்தக் குத்தை வழுக்கிவிடுகிறார். இது போங் சாவ். பிறகு இருவரும் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். இது சரளமான பின், கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.

இதில் பழக வேண்டியவை மூன்று பதில்கள். அவர் அழுத்தம் உங்களை நோக்கி முன்னால் வந்தால் அதைத் திருப்பிவிட்டு இழுங்கள். கையைப் பின்னால் எடுத்தால் அதோடு ஒட்டியே உள்ளே போங்கள். கை கோட்டை விட்டு விலகினால், தொடுதல் அறுந்த அந்தக் கணமே நேராகக் குத்துங்கள். மூன்றாவது பதில்தான் சண்டையில் அதிகம் வேலைக்கு வருவது. சி சாவில் யார் யாரைத் தொட்டார் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது தனி விளையாட்டாகிவிடும். மணிக்கட்டுக்குக் காது முளைப்பதற்கான வேலை என்று மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தூரத்திலிருந்து வருவது

பலர் இங்கே வருவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். டிராப்பிங்குக்குக் கெட்ட பெயர் வந்ததும் இதனால்தான். 2017-இல் சீனாவின் செங்டூவில் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ஷூ ஷியாவ்தோங், தை சி ஆசான் வெய் லேயுடன் மோதினார். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை அந்த மோதல். முன்னே நீட்டியிருந்த ஆசானின் கைகள் விரைந்து வந்த குத்துகளை நிறுத்தவில்லை. கலை வேறானாலும் பாடம் ஒன்றுதான்: எதிர்க்காத ஜோடியோடு எத்தனை ஆண்டு பழகினாலும், எதிர்க்கும் ஆளின் வேகத்துக்கு உடல் தயாராவதில்லை.

இப்படிச் செய்யுங்கள். இருவரும் இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். கையுறை, பல் காப்பு, பாதி பலம். உங்களுக்கு ஒரே வேலை: நேர்க்குத்தோடு உள்ளே போவது. ஜோடிக்கு மூன்று சுதந்திரம்: தடுக்கலாம், பின்வாங்கலாம், திருப்பி அடிக்கலாம். குத்து பட்டால் தொடர்ந்து குத்துங்கள். தடுத்தால் மட்டும், தடுத்த கையை அடக்குங்கள். தேடிப் போய் அடக்கக் கூடாது. இரண்டு நிமிடச் சுற்றுகளாகச் செய்து, ஆள் மாற்றுங்கள்.

சில சுற்றுகளிலேயே உண்மை தெரிந்துவிடும். வெட்டி எடுக்கும் வேகக் குத்தை, அதாவது தொட்டவுடன் திரும்பிப் போகும் ஜாபை, அடக்க முடியாது. கை அங்கே இருப்பதே இல்லை. கை எங்கே தங்குகிறதோ அங்கேதான் அடக்க முடியும். தூரத்தை அளக்கக் கையை நீட்டியே வைத்திருப்பவர், முகத்தை மூடிக்கொண்டு குறுகுபவர், சட்டையைப் பிடிப்பவர், நெஞ்சில் கைவைத்துத் தள்ளுபவர் ஆகியோரின் கைகள் தங்கும். தெருச் சச்சரவுகளில் பெரும்பாலும் முதலில் நடப்பது கடைசி இரண்டும்தான். எனவே ஜோடியைச் சட்டையைப் பிடிக்கச் சொல்லியும், தள்ளச் சொல்லியும் தனியாகச் சில சுற்று பழகுங்கள்.

குத்துச்சண்டை மேடையிலும் இதே வேலையைக் காணலாம். ஜார்ஜ் ஃபோர்மன் நீட்டிய கைகளால் எதிராளியின் கைகளை அழுத்தித் தள்ளி வழி செய்துகொள்வார். உக்ரைனின் வாசில் லோமசென்கோ முன்னால் நீட்டிய கையால் எதிராளியின் கையுறையைத் தட்டித் தட்டி இடைவெளி திறப்பார். இருவரும் ஒரு தட்டு, ஒரு தள்ளு, உடனே அடி என்று முடித்துக்கொண்டார்கள். நாம் பின்பற்ற வேண்டிய அளவு அது.

லீயும் அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்தார். 1964-இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் குங்ஃபூ ஆசான் வோங் ஜாக் மேனோடு நடந்த மோதலைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதன் பிறகு லீ தன் பயிற்சியை மாற்றத் தொடங்கியதில் சந்தேகம் இல்லை. பின்னர் அவர் உருவாக்கிய ஜீட் குன் டோ என்ற முறையில் கையை முடக்கித் தாக்குவது ஐந்து தாக்கும் வழிகளில் ஒன்றாக மட்டும் இடம்பெற்றது.

ஆறாம் படி: அடங்காவிட்டால்

இரண்டாவது அடக்குதலும் தவறினால் நீங்கள் இருவரும் மூச்சு படும் தூரத்தில் இருப்பீர்கள். அங்கே நின்று கையோடு கை சண்டை போடாதீர்கள். சுற்றி வரும் கொக்கிக் குத்தும் இடுப்பைக் குறிவைத்துப் பாய்வதும் அந்தத் தூரத்தில்தான் வரும். ஒன்று, பிடரியைப் பிடித்து நெருங்குங்கள். அல்லது லாப் சாவ் இழுப்பை நீட்டி, அவர் மேற்கையை அணைத்துப் பக்கவாட்டுக்குப் போங்கள். மல்யுத்தக்காரர்கள் கையை இழுத்து முதுகுப் பக்கம் போவது இதன் அண்ணன் தம்பி முறைதான். இரண்டும் இல்லையென்றால் தள்ளிவிட்டு வெளியேறுங்கள். மல்யுத்தமோ முவே தாயோ தெரிந்த ஒருவரிடம் இந்தப் பகுதியைக் கற்பது நல்லது. விங் சுன் பள்ளிகள் பலவற்றில் இது மெலிந்திருக்கிறது.

எதிராளி கையில் கத்தி இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஓடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தாலும் அப்படியே. ஒருவர் கையை அடக்கி நிற்கும் கணத்தில் மற்றவரைத் தடுக்க உங்களிடம் கை மிச்சம் இருக்காது.

ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது என்று கேட்பார்கள். 15 நிமிடம் குத்தும் கால் நகர்வும், 10 நிமிடம் பாக் சாவும் லாப் சாவும், 10 நிமிடம் சி சாவ், மீதி 25 நிமிடம் ஐந்தாம், ஆறாம் படிகள். நேரம் குறைந்தால் சி சாவில் குறையுங்கள், கடைசிப் பகுதியில் குறைக்காதீர்கள். சேர வகுப்பு தேடுகிறவர்கள், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு மாஸ்டரிடம் இதை மட்டும் கேளுங்கள்: மாணவர்கள் கையுறை போட்டு, திருப்பி அடிக்கும் ஜோடியோடு வாரத்தில் எத்தனை நாள் பழகுகிறார்கள்?