இசைப்பதிவுக் கணினிக்கு இலேசான டெஸ்க்டாப்

கணினியில் இசையைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டும் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

என் தந்தையார் நாகசுரக் கலைஞர். நாற்பது ஆண்டுகள் கோயில் திருவிழாக்களில் வாசித்தவருக்கு இப்போது மூச்சு முன்போல் நிற்பதில்லை. அவருடைய மல்லாரியைப் பதிவு செய்துவிட விரும்பினேன். வீட்டில் இருந்ததோ, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. நினைவகம் 2 ஜிபி. அதில் லினக்ஸையும் ஆர்டர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளையும் நிறுவினேன். முதல் பதிவில் நான்கு இடங்களில் ஒலி அறுந்தது. "இன்னொரு தடவைதான்டா. அதுக்குமேல நெஞ்சு தாங்காது" என்றார்.

காரணத்தை ஆராய்ந்தேன். கணினிக்குள் ஒலி ஆறுபோல் ஓடுவதில்லை. நெல்லைப் படியால் அளப்பதுபோல் அளந்து எடுக்கப்படுகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள். ஒரு படிக்கு 256 மாதிரிகள் என்றால், அது நிரம்ப 5.3 மில்லிநொடி ஆகும். அதற்குள் முந்தைய படியைக் கணினி காலி செய்தாக வேண்டும். நினைவகம் நிரம்பிவிட்டாலோ அது வன்தட்டை நாடும். வன்தட்டின் முனை உரிய இடம் சென்று சேரவே சுமார் 10 மில்லிநொடி ஆகிவிடும். பிறகு ஒலி அறாமல் என்ன செய்யும்?

சாளரம், பட்டியல், நிழல், அசைவு இவற்றைத் திரையில் காட்டும் பகுதியே டெஸ்க்டாப். லினக்ஸில் இதை விருப்பம்போல் மாற்றலாம். முதலில் இருந்த பகட்டான டெஸ்க்டாப், சும்மா இருக்கும்போதே 1.2 ஜிபியை விழுங்கியது. எக்ஸ்.எஃப்.சி.இ. சுமார் 500 எம்பி, எல்.எக்ஸ்.க்யூ.டி. சுமார் 400 எம்பி. குறைந்ததையே எடுத்திருக்கலாமே என்பீர்கள். உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலே அந்த 100 எம்பி போய்விடும். (உலாவியை மூடாமல் டெஸ்க்டாப்பைக் குறை சொல்வோர் நம் வகுப்பிலேயே உண்டு!) எக்ஸ்.எஃப்.சி.இ.யில் திரை உறங்காமல் தடுக்க ஒரே சொடுக்குப் போதும். நிழல்களையும் அமைப்புப் பட்டியலிலேயே நிறுத்தலாம். ஆகவே அதையே கொண்டேன்.

டெஸ்க்டாப் மட்டுமே போதும் என்று சொல்லமாட்டேன். படியையும் 1,024 மாதிரிகளாகப் பெரிதாக்கினேன். அவகாசம் 21 மில்லிநொடியாயிற்று. கணினி வழியே கீபோர்டு வாசிப்பவருக்கு இந்தத் தாமதம் இடறும். தந்தையாரோ தம் நாயனத்தை நேரிலேயே கேட்கிறார், அவருக்கு இடையூறில்லை.

இரண்டாம் முறை பதினெட்டு நிமிடம் வாசித்தார். எங்கும் ஒலி அறவில்லை. ஓரிடத்தில் அவருடைய இருமல் கேட்கிறது. அதை நான் வெட்டவில்லை.