எர்த் போடப் போகிற மருமகனுக்கு

1. மொட்டை மாடிக்கு ஏறியதும் முதலில் சுற்றிலும் ஓடுகிற மின்கம்பியைப் பார், மருமகனே. ஆன்டெனா கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் நுனி கம்பியை எட்டக் கூடாது. எட்டும் என்றால் அங்கே நடாதே. எர்த் இருக்கிறதே என்கிற தைரியம் அந்த இடத்தில் உதவாது.

2. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், அதைப் பிடிக்கத் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமெல்லாம் உயர உயரமாய்க் கம்பங்கள் எழுந்தன. படம் புள்ளியில்லாமல் வந்தால் காபி கிடைக்கும், கூலிக்கு மேலேயும் ஏதாவது கிடைக்கும். எர்த்துக்கு ஒரு வாய் மோர்கூடக் கிடைக்காது. அது இருப்பதே யாருக்கும் தெரியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எர்த் ஒயரை இழுத்து முடிக்காமல் டிவியைப் போட விடமாட்டார். "படம் வந்துட்டா வீட்டுக்காரனுக்கு அவசரம் வந்துரும், உனக்கும் வந்துரும்" என்பார். இன்று கம்பத்தில் டிஷ் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் முதலில் எர்த், பிறகு டிவி என்கிற அந்த வரிசையை நீ மாற்றாதே.

3. எர்த் ஒயர் வீட்டுக்கு வெளியே, குறுகிய வழியில், நேராக இறங்கட்டும். சுவர் அழகுக்காக மூலைக்கு மூலை மடக்காதே. இடியின் மின்சாரம் கூரான மடிப்பில் திரும்பாமல் பக்கத்தில் இருப்பதன் மேல் தாவிவிடும். கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டு.

4. எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் என்றால் இரண்டரை மீட்டர்தான். பாறை தட்டுகிறது என்று பாதியை அறுத்துவிட்டு மேலே சிமென்ட் பூசினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அதனால்தான் சொல்கிறேன். கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல். தண்ணீர்க் குழாயில் கட்டலாம் என்பார்கள். இப்போது மண்ணுக்குள் போவதே பிளாஸ்டிக் குழாய். நியூட்ரலில் மட்டும் கட்டவே கட்டாதே. யாரோ அப்படிக் கட்டிய ஒரு வீட்டில் எங்கோ நியூட்ரல் அறுந்து, துணி காயப்போடப் போன அக்காவைக் கம்பம் தூக்கி எறிந்தது. பிழைத்தது அவர் செய்த புண்ணியம் என்றார்கள். கட்டியவனை யாரும் தேடவில்லை.

5. ஆன்டெனா எர்த்தையும் வீட்டு எர்த்தையும் தடித்த ஒயரால் இணைத்துவிடு. தனித்தனியாக நின்றால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் ஏறி, டிவி வழியாகப் பாயும். கேபிளின் வெளிவலையையும் வீட்டுக்குள் நுழையுமுன் எர்த்தில் சேர்.

6. "இனி இடி ஒன்றும் செய்யாது" என்று சொல்லி நல்ல பெயர் வாங்காதே. நேரே விழுகிற இடிக்கு எந்த எர்த்தும் உறுதி தராது. மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றச் சொல். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு கை வைக்க வேண்டாம் என்றும் சொல்.

7. கடலோரத்தில் செம்பும் இரும்பும் சேருகிற இடம் சீக்கிரம் அரித்துவிடும். சித்திரைக்கு முன் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை, நீ எர்த் போட்ட வீடுகளுக்குப் போய் கிளாம்பை அசைத்துப் பார்த்துவிட்டு வா. அதற்குக் கூலி கேட்காதே.