ஆராய்ச்சிக்குப் புறப்படும் மருமானுக்கு



உன் கடிதம் கிடைத்தது. பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்ட நீ, சர்வதேசச் சட்டத்தில், அதிலும் குறிப்பாக அணு ஆயுதங்களைப் பற்றிய சட்டத்தில் ஆராய்ச்சி செய்ய விரும்புவதையும், ஒரு பேராசிரியர் "ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் வைக்காதே" என்று உன்னை எச்சரித்ததையும், இன்னொருவர் இந்தக் காலத்தில் பல துறைகளைக் கலந்து செய்யும் ஆராய்ச்சிக்குத்தான் நிதி கிடைக்கும் என்று உற்சாகமூட்டியதையும் விவரமாக எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். முதலாமவர் சொன்னதில் பயம் தெரிகிறது, அதை மன்னிக்கலாம். இரண்டாமவர் சொன்னதை ஒரு காரணமாகவே நான் கருதவில்லை.

துறைகளின் எல்லைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தம் நிர்வாக வசதிக்காக வகுத்துக்கொண்டவை என்பதற்கு, சர்வதேசச் சட்டத்தின் மூலபுருஷர்களுள் ஒருவராகப் போற்றப்படும் ஹ்யூகோ க்ரோஷியஸின் குடும்பமே போதிய சாட்சி. ஸைமன் ஸ்டெவின் என்ற கணித நிபுணர் 1586-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகையின்மேல் ஒருசேர விழவிட்டதாகவும், கனத்துக்கு ஏற்ப வேகம் கூடும் என்ற அரிஸ்டாட்டிலின் மரபுக்கு மாறாக, இரண்டும் விழுந்த சத்தம் ஒரே சத்தமாகக் காதில் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். இந்தச் சோதனையில் அவருக்குத் துணை நின்றவர், டெல்ஃப்ட் நகரத்து யான் டி க்ரூட், க்ரோஷியஸின் தகப்பனார். பைசா கோபுரத்துக் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சொல்வார்கள். இந்த ஈயக் குண்டுகளைச் சொல்வார் இல்லை. கோபுரம் சாய்ந்திருந்தால்தான் கதை நிற்கும் போலும்! அந்த வீட்டில் வளர்ந்த மகன் 1599-இல், தமது பதினாறாம் வயதில், ஸ்டெவின் கப்பலோட்டிகளுக்காக எழுதிய ஒரு நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். பத்தாண்டு கழித்து, கடல் எவருக்கும் தனிச் சொத்தன்று என்று வாதிடும் 'மாரே லிபேரும்' என்ற சிறு நூலை வெளியிட்டார்.

இந்த நூலின் வரலாற்றை நீ சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். 1603-இல் சிங்கப்பூருக்கு அருகே சாந்தா காத்தரீனா என்னும் போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினர். அந்தக் கொள்ளைப் பொருள் நியாயமாக வந்ததுதான் என்று நிலைநாட்டும் பொறுப்பை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இளம் வக்கீலாயிருந்த க்ரோஷியஸிடம் ஒப்படைத்தது. அவர் எழுதிய பெருநூல் அச்சேறாமலே கிடந்து, 1864-இல் கையெழுத்துப் பிரதியாக வெளிப்பட்டபோதுதான், இரண்டரை நூற்றாண்டுகளாகத் தனி நூலென்று உலகம் எண்ணியிருந்த 'மாரே லிபேரும்' அதன் பன்னிரண்டாம் அத்தியாயம் என்பது தெரிந்தது. கட்சிக்காரனுக்காக எழுதிய வாதம் என்பதனால் ஒரு கொள்கை பொய்யாகிவிடாது. ஆனால் அது எங்கே சோதிக்கப்பட்டது என்று கேட்பது நம் கடமை. ஈயக் குண்டுகளுக்குப் பலகை இருந்தது. க்ரோஷியஸுக்கு எதிர்க்கட்சி இருந்தது: போர்ச்சுகலின் தரப்பில் ஃப்ரேய்தாஸ் 1625-இலும், இங்கிலாந்தின் தரப்பில் ஜான் ஸெல்டன் 1635-இலும் மறுப்பு நூல்களை வெளியிட்டனர். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1613-இல் வாசனைத் திரவிய வியாபாரத்தில் டச்சுக்காரரின் ஏகபோகத்தை ஆதரித்துப் பேச க்ரோஷியஸே லண்டனுக்குப் போனபோது, ஆங்கிலேயர் அவருடைய நூலையே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டினார்கள். சட்ட ஆராய்ச்சியில் சோதனைச் சாலை என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

ஆகவே நான் உனக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே. எந்தத் துறைக்குள் நுழைந்தாலும், "நான் சொல்வது தவறானால், அதைத் தவறென்று எனக்குக் காட்டக்கூடியது இங்கே எது? அது எங்கே இருக்கிறது?" என்று முதலில் விசாரித்துக்கொள். துறைக்குத் துறை இதற்கு விடை மாறும். உண்மையான எல்லைகள் அந்த விடைகளில்தான் இருக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1950-களில் சர்வதேசச் சட்டம் கற்பித்த அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற அறிஞரைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். சர்வதேசச் சட்டம் முழுவதும் ஐரோப்பாவில் பிறந்து பிற தேசங்களுக்குத் தானமாக வந்தது என்ற பரவலான எண்ணத்தை அவர் ஏற்றுக்கொள்ளாமல், ஐரோப்பிய வணிகர் ஆசிய மன்னர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளைத் தேடிப் படித்தார். அந்த மன்னர்கள் அன்று சமமான இறைமையுடையவர்களாகவே மதிக்கப்பட்டார்கள் என்றும், அவர்களைச் சட்டத்தின் வட்டத்துக்கு வெளியே தள்ளியது 19-ஆம் நூற்றாண்டின் சித்தாந்தமே என்றும் 1967-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். க்ரோஷியஸின் கடற் கொள்கைக்கும் இந்துமகா சமுத்திரத்து வழக்கங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதும் அவர் கட்சி. இந்தக் கடைசிக் கருத்து இன்னும் விவாதத்துக்கு உரியது. ஆனால் மறுக்க விரும்புகிறவரும் அதே ஆவணக் கட்டுகளுக்குத்தான் போயாக வேண்டும் என்பதைக் கவனி.

உன் சொந்தத் துறையாகிய கோட்பாட்டுப் பௌதிகத்தின் நிலை வேறு. பத்தொன்பது வயதில் 1930-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள நட்சத்திரம் வெண்குள்ளனாக அடங்கி நிற்க முடியாது என்ற முடிவுக்கு வழிசெய்யும் கணக்கைக் கப்பலிலேயே போட்டார். 1935 ஜனவரியில் லண்டன் வானியல் சங்கத்தில் வானியல் அறிஞர் எடிங்டன் அதைப் பரிகசித்தார். பெரிய மனிதரின் பரிகாசம் எதிர்ச்சான்று ஆகாது; எனினும் வானத்திலிருந்து சான்று வந்து சேரும் வரையில் கணக்கின் உள்ளிசைவு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சந்திரசேகர் சண்டையை நீட்டவில்லை. 1939-இல் தம் ஆராய்ச்சியை ஒரு நூலாகத் தொகுத்து வைத்துவிட்டு, நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளிப்பரவல், திரவங்களின் நிலைப்பு, கருந்துளைகள் என்று ஒவ்வொன்றாகப் புகுந்து, புகுந்த இடத்திலெல்லாம் ஆண்டுக்கணக்கில் தங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நூலை எழுதிய பிறகே வெளியேறினார். 1983-இல் வந்த நோபல் பரிசைவிட இந்தப் பழக்கமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. துறை மாறுவது பிழையன்று. ஒவ்வொரு துறையிலும் மாணவனாக உட்கார மனமில்லாமல் விருந்தாளியாக வந்து போவதே பிழை.

இனி உன் விஷயம். 1996 ஜூலை 8-ஆம் தேதி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் அணு ஆயுதங்களைப் பற்றிக் கூறிய ஆலோசனைக் கருத்தை, மாறுபட்ட தீர்ப்புகளையும் சேர்த்து, வரிவரியாகப் படி. ஒரு தேசம் அழிந்துபோகும் நிலையில் தற்காப்புக்காக அந்த ஆயுதத்தைப் பிரயோகிப்பது சட்டமா சட்டவிரோதமா என்று திட்டமாக முடிவு செய்ய இயலவில்லை என்று, ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரின் வாக்கினால், நீதிமன்றம் கூறியது. இதே வாக்கியத்தை ஒரு பௌதிக விஞ்ஞானி எழுதினால் நேர்மை என்று புகழ்வோம்; நீதிபதிகள் எழுதியபோது கடமை தவறினார்கள் என்று பலர் கண்டித்தார்கள். உனக்கு இதுவரை கிடைத்த பயிற்சி முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாவதன் நியாயம் உனக்கு எளிதில் விளங்காது. எத்தகைய சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று நீண்ட மறுப்புத் தீர்ப்பு எழுதிய இலங்கையைச் சேர்ந்த நீதிபதி வீரமந்திரி, கதிர்வீச்சின் விளைவுகளை விரித்துரைப்பதோடு ராமாயண பாரதங்களையும் துணைக்கு அழைக்கிறார். இதிகாசம் எப்படிச் சான்றாகும் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். போர் முறைக்கு வரம்பு உண்டு என்ற எண்ணம் ஒரே நாகரிகத்தின் சொத்தன்று என்று காட்டுவதற்கு அது தக்க சான்றுதான். குண்டின் விளைவை அளப்பதற்கு அன்று.

நீதிமன்றத்தின் அந்த ஆலோசனைக் கருத்திலே உனக்காகவே விட்டு வைத்ததுபோல் ஓரிடம் இருக்கிறது. சக்தி குறைந்த சிறு குண்டுகளைப் பொதுமக்களுக்குத் தீங்கில்லாமல் 'சுத்தமாக'ப் பிரயோகிக்க முடியும் என்று வாதித்த தேசங்கள், அத்தகைய பிரயோகத்துக்கு உரிய சூழ்நிலை இன்னதென்று திட்டமாகச் சொல்லவில்லை என்றும், ஆகவே அந்த வாதத்தைத் தீர்மானிக்கத் தனக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் நீதிமன்றம் குறித்திருக்கிறது. குண்டின் சக்தி, வெடிக்கும் உயரம், காற்றின் போக்கு, விழும் கதிரியக்கத் தூசி ஆகியவற்றைக் கணக்கிட உனக்குத் தெரியும். போரிடுவோரையும் போரிடாதோரையும் வேறுபடுத்தும் சட்டம் அந்தக் கணக்கில் எந்த எண்ணைக் கேட்கிறது என்பதுதான் தெரியாது. அதை அறியாமல் எழுதப்படும் சமன்பாடுகள் சட்டக் கட்டுரைக்கு நகை பூட்டுவதாகவே முடியும்.

ஆதலால் இரண்டாண்டுகளைச் சட்டம் படிப்பதற்கென்றே ஒதுக்கு. பிரெஞ்சும் கற்றுக்கொள், அது அந்த நீதிமன்றத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய கீர்த்தியைப் பாராதே. அவருடைய பழைய மாணவர்களில் யாராவது அவரை அச்சில் மறுத்து எழுதியிருக்கிறார்களா, எழுதிய பின்னும் அவர் அவர்களோடு பேசுகிறாரா என்று விசாரி. உதவித்தொகை தருகிறவர்கள் கேள்வியையும் சேர்த்துத் தந்தால், க்ரோஷியஸின் கம்பெனியை நினைத்துக்கொள். பணத்தை வாங்கினாலும் வாங்கு, ஆனால் யார் கேட்ட கேள்வி என்பதை நூலின் முதற் பக்கத்திலேயே எழுதிவிடு.

அடுத்த கடிதத்தில் உன் கேள்வியை ஒரு பக்கத்துக்குள் அடக்கி எழுதி அனுப்பு. அதற்குக் கீழே, உன் முடிவைத் தகர்க்கக்கூடிய சான்று எந்த ஆவணத்தில், எந்த அளவீட்டில் கிடைக்கக்கூடும் என்பதையும் குறித்திரு. அந்தப் பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன். உன் தாயாருக்கு என் அன்பைச் சொல்.

இங்ஙனம்,
உன் மாமா