பேறுகாலத் தாமதம் மூன்று

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலுள்ள பட்டாசுத் தொழிற்சாலைகளை அறிந்தவர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் தீப்பற்றிய பின்னர் தேடப்படுவன அல்ல. வேலை தொடங்குமுன்னரே அவை நிரம்பியிருத்தல் வேண்டும். நமது கரிசற்காட்டு உழவரும் மழை பெய்த பின்னர் விதை தேடிப் புறப்படுவதில்லை. தாயையும் சேயையும் காப்பதிலும் இம்முறையையே நாம் கைக்கொள்ள வேண்டும்.

நேரத்தின் அருமை

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் மிகையான இரத்தப்போக்கு, தாய்மாரின் மரணத்திற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். அரை லிட்டர் இரத்தம் இழந்தாலே அது ஆபத்து நிலை. சிகிச்சை கிடையாவிடில் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உயிர் பிரியக்கூடும். இரத்தசோகையுள்ள பெண், அதனினும் குறைந்த இழப்பையும் தாங்கமாட்டாள். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையலாகாது. 7 கிராமுக்குக் கீழாயின் அது கடுமையான சோகையாகும். பிறந்த குழந்தை மூச்சு விடாதிருப்பின், ஒரு நிமிடத்திற்குள் செயற்கை முறையில் காற்றூட்டத் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவரும் கருவியும் இல்லாத வீட்டில் இதனைச் செய்தல் இயலாது.

மூவகைத் தாமதங்கள்

முதலாவது, முடிவு செய்வதில் ஏற்படும் தாமதம். விடியற்காலையில் தொழிற்சாலை வண்டி புறப்பட்டுவிடும்; ஒரு நாட் கூலி போய்விடுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்கள் உளர். ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்னும் வீட்டாரும் உளர். கடுந்தலைவலி, பார்வை மங்குதல், முகவீக்கம், வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் பொறுத்தலாகாது. குழந்தை பால் குடியாமை, உடல் குளிர்தல், மூச்சு விரைதல் ஆகியனவும் அத்தகையனவே.

இரண்டாவது, போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம். 2008 முதல் ‘108’ அவசர ஊர்தி நம் மாநிலத்தில் இலவசமாக இயங்குகிறது. ஆயினும், தெருவை அடைத்து நிற்கும் வண்டியும், மழையில் உடைந்த பாதையும், விளக்கில்லாத சந்தியும் அதனைத் தடுத்துவிடும்.

மூன்றாவது, சேர்ந்த இடத்தில் சிகிச்சை பெறுவதில் ஏற்படும் தாமதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவமும், இரத்தப்போக்கையும் வலிப்பையும் தணிக்கும் முதல் ஊசிகளும் கிடைக்கும். அறுவை மருத்துவமும் இரத்தமேற்றலும், அதற்கென அமைந்த சீமாங்க் மையங்களிலேயே கிடைக்கும். ஐந்து இலட்சம் மக்களுக்கு இத்தகைய முழுமையான மையம் ஒன்றேனும் வேண்டுமென்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நெறி. நமது மாவட்டத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும், எங்கே எது கிடைக்கும் என்பதை அறியாதவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் அலைந்து பொன்னான நேரத்தை இழப்பர்.

ஊராட்சியின் கடமை

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை, சுகாதாரத்தையும் மகளிர் குழந்தைகள் நலத்தையும் ஊராட்சிகளுக்குரிய பணிகளுள் சேர்த்துள்ளது. ஆகவே பின்வருவனவற்றை நாம் உடனே மேற்கொள்ளலாம்:

1. கிராம சுகாதாரச் செவிலியரின் உதவியுடன், அடுத்த மூன்று மாதங்களில் பிரசவிக்கவுள்ளோரின் பட்டியலைத் தயாரித்தல்.

2. ஒவ்வொருவரும் செல்ல வேண்டிய நிலையத்தையும், ஆபத்து நேரிடின் செல்ல வேண்டிய சீமாங்க் மையத்தையும் மருத்துவ அலுவலரிடம் கேட்டு வீட்டாருக்கு முன்னரே தெரிவித்தல்.

3. ஊர்தி வரும் பாதையைச் செப்பனிட்டு, இரவில் விளக்கு எரியச் செய்தல்.

4. இளைஞரை இரத்ததானம் செய்யத் தூண்டுதல். தானமாகப் பெற்ற இரத்தத்தைப் பரிசோதித்த பின்னரே ஏற்ற வேண்டுமாதலால், அது முன்னரே சேமிப்பில் இருத்தல் அவசியம்.

5. பரிசோதனை நாளில் கர்ப்பிணிகளுக்கு விடுப்பளிக்குமாறு தொழிற்சாலை உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ளல்.

செலவைக் கருதி எவரும் தயங்க வேண்டுவதில்லை. 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், அறுவை மருத்துவமும், மருந்தும், இரத்தமும், வீடு திரும்பும் ஊர்தியும் இலவசம்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

நமது ஊரில் இவ்வாண்டு பிரசவிக்கவுள்ளோர் எத்தனை பேர்? அவருள் சோகையுள்ளோர் எவர் என்பதைச் செவிலியர் கண்டறிந்து சிகிச்சை தொடங்கியுள்ளனரா? நள்ளிரவில் அழைத்தால் ஊர்தி எந்தத் தெரு வரை வரும்?

பிரசவ நாளை ஒருவாறு கணிக்கலாம். ஆபத்து வரும் நாளைக் கணித்தல் இயலாது. அந்நாள் வருமுன் இவ்வினாக்களுக்கு விடை கண்டு வைத்திருக்கும் ஊராட்சியே தன் தாய்மாரைக் காக்கும் ஊராட்சியாகும்.